கருங்கண்ணும் கருங்கூந்தலும்: அகப்பாடல்களில் நிறமும் ஈர்ப்பும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், பயிற்சி ஆசிரியர் ஒருவரின் கற்பித்தலை மதிப்பிடும் பொருட்டு இடைநிலைப்பள்ளி ஒன்றிற்குச் சென்றிருந்தேன். இலக்கிய விழாவிற்கென மாணவர்கள் குறுந்தொகைக் காட்சியொன்றை நடித்துப் பழகிக்கொண்டிருந்தனர். நான்காம் படிவ மாணவி ஒருத்தி தலைவி கூற்றை மற்றெவரினும் தெளிவாக ஒப்புவித்தாள். ஆயினும் அவளுக்குக் கிட்டியது திரைக்குப் பின்னிருந்து விளக்கம் வாசிக்கும் பணியே. காரணம் வினவினேன். கலப்பு மணக் குடும்பத்தில் பிறந்த அம்மாணவியின் முடி இயல்பாகவே பழுப்பு. கண்களும் வெளிர் பழுப்பு. "தலைவி என்றால் கருங்கண்ணும் கருங்கூந்தலும் வேண்டுமே, டாக்டர்" என்றார் பயிற்சி ஆசிரியர்.

அவர் கூற்றை உடனே மறுக்க என்னால் இயலவில்லை. அச்சொற்கள் நம் பாடல்களில் உள்ளன என்பது உண்மை. ஆனால் அவை அங்கே என்ன பொருள் தருகின்றன? எல்லாரும் கருங்கண்ணராகவும் கருமுடியினராகவும் இருந்த ஒரு சமூகத்தில், ஒருத்தியைக் கருங்கண்ணாள் எனல் எவ்வாறு புகழ்ச்சியாகும்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கருத்தரங்குகளில் இதற்கு இரு விடைகள் வழங்குகின்றன. சங்கப் பாடல்கள் தமிழினத்தின் உடலடையாளத்தை வரையறுத்துள்ளன என்பது ஒன்று. இன்றைய மரபியல் உண்மைகளைச் சங்கப் புலவர் அன்றே அறிந்திருந்தனர் என்பது மற்றொன்று. இரண்டும் பாடலைப் படிக்காமலேயே எட்டத்தக்க முடிவுகள் என்பதே அவற்றின் குறை.

நிறத்தின் மரபியல்

கண்ணுக்கும் முடிக்கும் நிறம் தருவது மெலனின் என்னும் நிறமியாகும். கருமையும் பழுப்பும் தருவது யூமெலனின்; செம்மைச் சாயல் தருவது ஃபியோமெலனின். நீலக்கண்ணில் நீல நிறமி எதுவும் இல்லை. கருவிழியின் முன்படலத்தில் மெலனின் மிகக் குறைவாக இருப்பதால் ஒளி சிதறி நீலமாகத் தோன்றுகின்றது.

1907ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டேவன்போர்ட் இணையர் கண்ணின் நிறத்தை மெண்டலின் விதியால் விளக்கினர். நீலம் ஒடுங்கு பண்பு, பழுப்பு ஓங்கு பண்பு என்னும் எளிய கணக்கு நெடுங்காலம் பாடநூல்களில் நிலைத்தது. இன்றைய அறிவு அதனினும் விரிந்தது. 15ஆம் குரோமோசோமில் ஹெர்க்2 மரபணுவில் அமைந்த மாற்றமொன்று அருகிலுள்ள ஓசிஏ2 மரபணுவின் செயலைக் குறைப்பதே நீலக்கண்ணின் முதன்மைக் காரணம் என 2008இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஏறத்தாழ 195,000 பேரின் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளிவந்த ஆய்வு, கண்ணின் நிறத்தோடு தொடர்புடைய மேலும் 50 மரபணு இடங்களைக் கண்டறிந்தது. ஆசியரின் பழுப்புக் கண்களுக்குள்ளும் அடர்த்தி வேறுபாடுகள் உண்டென்பதும், அவற்றையும் பெரும்பாலும் அதே மரபணுக்களே ஆள்கின்றன என்பதும் அதனால் தெளிவாயின.

முடியின் நிறத்தைக் கொண்டு பிறப்பை ஊகித்தலும் பிழையாகலாம். சாலமன் தீவுகளின் கருநிற மக்களிடையே பொன்னிற முடியுடையோர் உளர். ஐரோப்பியக் கலப்பே காரணம் எனப் பலர் எண்ணியிருந்தனர். ஐரோப்பியரிடம் இல்லாத வேறொரு மரபணு மாற்றமே காரணம் என 2012இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது.

ஆகவே மரபியலின் கண்கொண்டு நோக்கின், நாம் கறுப்பு என்று வழங்கும் கண் உண்மையில் அடர் பழுப்பே. ஆயினும் தமிழ் அவ்வுறுப்பிற்கே 'கருவிழி' எனப் பெயரிட்டுள்ளது. நீலக்கண்ணரைக் குறித்துப் பேசும்போதுகூட 'நீலநிறக் கருவிழி' என்றே எழுத வேண்டியுள்ளது. வேறுபாடு காணாத இடத்தில் நிறமே உறுப்பின் பெயராயிற்று. அவ்வாறாயின், 'கருங்கண்' என்னும் அடைமொழி ஒருத்தியைப் பிறரிடமிருந்து நிறத்தால் பிரித்துக் காட்டியிருக்க இயலாது.

உவமை: மெய்யா, உருவா?

குவளை, நெய்தல், நீலம் ஆகிய மலர்கள் கண்ணுக்கு உவமையாகப் பயில்வதைக் கொண்டு, பண்டைத் தமிழ்ப் பெண்டிருள் நீலக்கண்ணினர் இருந்தனர் எனக் கூறும் கட்டுரைகளை நான் மதிப்பீட்டாளனாக வாசித்ததுண்டு. இக்கருத்து உவமையின் இலக்கணத்தை மறந்ததால் விளைந்தது. தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்திலேயே வினை, பயன், மெய், உரு என உவமை தோன்றும் வகைகளை நான்காகப் பகுக்கின்றார். மெய் வடிவத்தையும் உரு நிறத்தையும் குறிப்பன. ஓர் உவமையைக் கண்டவுடன் அதனை உருவுவமம் எனக் கொள்ளுதல் நான்கில் மூன்றைக் கைவிடுவதாகும்.

கண்ணுக்குரிய உவமைகளை ஒருங்கே வைத்து நோக்குக. கயல் பிறழ்தலாகிய வினையால் ஒத்தது. வேலும் அம்பும் தாக்குதலாகிய பயனால் ஒத்தன. பிளந்த மாவடு வடிவத்தால் ஒத்தது. மானின் கண் மருண்ட நோக்கால் ஒத்தது. குவளையும் இவ்வரிசையிலேயே வைத்தெண்ணத்தக்கது. அம்மலர் நீரில் வாழ்வது, மழைத்துளி ஏற்பது, இதழ் விரிந்து குவிவது. பாடல்களில் அது பெரும்பாலும் நீர் நிறைந்த கண்ணோடு, அதாவது கலங்கிய அல்லது குளிர்ந்த கண்ணோடு, சேர்ந்தே வருவதைக் காணலாம். குவளையிலும் கருங்குவளை, செங்குவளை என இரண்டுண்டு. நிறத்தளவில் ஒப்புமை கொண்டாலும், பழந்தமிழில் நீலமும் கருமையும் இன்றுபோல் முற்றப் பிரிந்து நிற்கவில்லை என்பதை மறத்தலாகாது. திருமாலின் மேனி கரியது எனவும் நீலமெனவும் பாடப்படுவதே இதற்குச் சான்று.

கூந்தலுக்கும் இது பொருந்தும். மேகமும் மயிற்பீலியும் கருமணலாகிய அறலும் உவமையாகின்றன. அறல் நிறத்தால் ஒப்பினும், நீர் வடிந்த மணலின் நெளிவாலேயே அது சிறக்கின்றது. 'ஐம்பால்' என்னும் பெயரோ நிறத்தை விடுத்து ஒப்பனையைச் சுட்டுகின்றது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 'கருங்கூந்தல்', 'இருங்கூந்தல்' எனக் கருமை வெளிப்படையாகவே போற்றப்படுகின்றதே என்பர். உண்மை. ஆனால் அக்கருமைக்கு எதிர்ச்சொல் எது? பொன்னிற முடி அன்று. நெய்யும் பூவும் நீங்கிப் பொலிவிழந்த கூந்தலும், முதுமையின் நரையுமே அதற்கு எதிர்நிலைகள். கருமை இங்கு இளமையையும் வளத்தையும் பேணுதலையும் உணர்த்தும் சொல். கண்ணுக்கும் அவ்வாறே. 'உண்கண்' என்பது மையுண்ட கண். அக்கருமையில் ஒரு பகுதி பிறப்பால் வந்ததன்று, கையால் தீட்டப்பட்டது. வண்ண ஒட்டுவில்லை அணியும் இன்றைய மாணவியரைப் பழந்தமிழர் இயற்கையழகையே விரும்பினர் எனக் கூறிக் கடிந்துகொள்வோர் இச்சொல்லைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

மாறும் நிறம்

அகப்பாடல்களில் கண்ணும் முடியும் நிறம் பெறும் இடங்களைத் தொகுத்தால் ஓர் ஒழுங்கு புலனாகின்றது. நிறம் அங்குப் பெரும்பாலும் மாற்றமாகவே வருகின்றது. குறுந்தொகை 354ஆம் பாடலில் தோழி, நெடுநேரம் நீராடினால் கண்ணும் சிவக்கும் என்பதைத் தலைவனின் மாறிய மனத்திற்கு ஒப்பாகக் காட்டுகின்றாள். சிவந்த கண் அங்கு ஒருத்தியின் அடையாளமன்று. ஓர் உறவின் நிலை. பசலையோ நிறமாற்றத்தையே பொருளாகக் கொண்டது. திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரமே உண்டு. 'உறுப்புநலன் அழிதல்' அதிகாரத்தில், முன்பு மலரை வென்ற கண்ணே பின்பு மலருக்கு நாணுகின்றது. கண்ணின் பிறவி நிறம் மாறவில்லை. தலைவன் நீங்கினான், அவ்வளவே.

நரையைப் பற்றிய பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாடலும் (191) ஈண்டு நோக்கத்தக்கது. ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்கு அவர் குடியையும் பிறப்பையும் காரணமாகக் கூறவில்லை. மாண்புடைய மனைவி, மக்கள், குறிப்பறிந்து ஒழுகும் ஏவலர், முறைதவறாத வேந்தன், அடக்கமுடைய சான்றோர் ஆகியோரையே கூறுகின்றார். நரையோடு ஐஆர்எஃப்4 மரபணுவுக்குள்ள தொடர்பை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மன அழுத்தம் நிறமி உயிரணுக்களின் மூல அணுக்களை அழிப்பதை எலிகளில் 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இவ்விரண்டாவது முடிவைக் கண்டதும், பிசிராந்தையார் இதனை அன்றே அறிந்தார் என எழுதக் கை துடிக்கும். அவ்வாறு எழுதின் பாடல் சிறுத்துப்போகும். புலவர் முடியின் உடலியலைச் சொல்ல வரவில்லை. நல்லாட்சியும் நல்லுறவும் உள்ள ஊரில் வாழ்தல் எத்தகையது என்பதைத் தம் தலைமுடியைச் சான்றாக நிறுத்திச் சொல்கின்றார்.

பிறவியிலேயே கண்ணின் நிறத்தால் பெயர் பெற்றவன் ஒருவன் உளன்: கோச்செங்கணான். அவன் கதையிலும் அந்நிறம் மரபு வழி வந்ததன்று. நல்ல நாழிகைக்காகப் பிறப்பைத் தாயார் தாமதித்ததால் குழந்தையின் கண் சிவந்தது என்பதே வழக்கு. அங்கும் நிறத்திற்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சியே நிற்கின்றது.

ஒப்பும் ஈர்ப்பும்

ஐரோப்பியரிடையே கண்ணும் முடியும் பல நிறமாயின ஏன் என்னும் வினாவிற்கு, பீட்டர் ஃபிராஸ்ட் 2006இல் ஈர்ப்பையே விடையாக முன்வைத்தார். பனியூழிக் காலத்தில் வேட்டையில் ஆடவர் மிகுதியாக மாண்டதால் பெண்டிரிடையே போட்டி மிகுந்தது. அரிய நிறமுடையோர் கண்ணில் பட்டனர். அதனால் அந்நிறங்கள் பெருகின என்பது அவர் கருதுகோள். நார்வேயில் லேங் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நீலக்கண் ஆடவர் நீலக்கண் பெண்டிரையே மிகுதியும் விரும்பினர். பழுப்புக்கண் ஆடவரிடம் அத்தகைய விருப்பு வேறுபாடு காணப்படவில்லை. செக் நாட்டில் கிளைஸ்னர் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கருதத்தக்கது. பழுப்புக்கண்ணர் நம்பத்தக்கவராகத் தோன்றினர். ஆனால் அதே படங்களில் கண்ணின் நிறத்தை மட்டும் மாற்றியபோது மதிப்பீடு மாறவில்லை. முகத்தின் வடிவமே அவ்வெண்ணத்தைத் தந்தது. நிறம் அதனோடு உடன்வந்த அடையாளமே. இதனைத் தொல்காப்பியத்திற்குச் சான்றாக நிறுத்துவது என் கருத்தன்று. எனினும், மெய்யையும் உருவையும் பிரித்தறியாமல் ஈர்ப்பைப் பேச முடியாது என்பதை அறிவியலாளரும் தம் வழியில் உணர்ந்துள்ளனர்.

தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியலில், தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய ஒப்பைப் பிறப்பு முதல் திரு ஈறாகப் பத்தாக எண்ணுகின்றார். உருவு அப்பத்தில் ஒன்றே. நிறை, அருள், உணர்வு ஆகியவை அதனோடு சமமாக நிற்கின்றன. பிறப்பும் குடிமையும் பட்டியலில் முன்நிற்பதை மறைக்க வேண்டியதில்லை. அது அக்காலச் சமூகத்தின் எல்லை. அவ்வெல்லையையும் கடந்து, இருவர்தம் பெற்றோரும் ஒருவருக்கொருவர் யாரோ எனக் கேட்ட செம்புலப்பெயனீராரின் பாடல் நம்மிடம் உள்ளது. அதிலும் நிறம் உண்டு. ஆனால் அது காதலர் கண்ணிலோ முடியிலோ இல்லை. மண்ணில் கலந்த மழைநீரில் உள்ளது. நிறமற்ற நீர், சேர்ந்த நிலத்தின் நிறத்தைப் பெறுகின்றது.

வகுப்பறைக்கு ஒரு சொல்

நம் பேச்சுவழக்கில் வெளிர்நிறக் கண்ணைப் 'பூனைக்கண்' என்பர். பழுப்பு முடியைச் 'செம்பட்டை' என்பர். இரண்டிலும் இகழ்ச்சி கலந்துள்ளது. செம்பட்டை என்பது எண்ணெய் காணாத, ஊட்டமற்ற தலையைச் சுட்டவும் வழங்கிய சொல். புரதக் குறைபாடு குழந்தையின் முடியைச் செந்நிறமாக்கும் என்பது மருத்துவம் கூறும் உண்மை. தோட்டப்புற வறுமையை அறிந்த தலைமுறைக்கு அச்சொல் அச்சத்தையும் தந்திருக்கக்கூடும். அந்த நினைவை, நல்லூட்டத்துடன் வளர்ந்து மரபு வழியே பழுப்பு முடி பெற்ற குழந்தையின் மீது ஏற்றுதல் முறையாகாது. சங்கப் பாடலைச் சான்றாகக் காட்டி அதனைச் செய்தல் பாடலுக்கும் இழைக்கும் தீங்காகும்.

முடிவுரை

கருங்கண், கருங்கூந்தல் என்னும் அடைகள் ஓர் இனத்தின் நிற அளவைகள் அல்ல என்பதும், இளமை, வளம், ஒப்பனை, உறவு ஆகியவற்றின் நிலையை அவை உணர்த்துகின்றன என்பதும் மேற்கண்டவற்றால் பெறப்படும். மரபணு தரும் நிறம் பிறப்போடு வருவது. அகப்பாடல் பேசும் நிறமோ இருவர் கூடுதலாலும் பிரிதலாலும் வருவது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளத்தல் இயலாது.

அன்று அப்பள்ளியில் பயிற்சி ஆசிரியரிடம் நான் ஒன்றே கேட்டேன்: "அந்தக் காட்சியில் தலைவியின் கண்ணுக்கு என்ன நேர்கிறது?" அவர் சற்று எண்ணி, "கலங்குகிறது" என்றார். கலங்கத் தெரிந்த கண் எந்த நிறமாயினும் அப்பாத்திரத்திற்குப் போதும் என்றேன். அவர் விடை கூறவில்லை. விழா நடந்தபோது நான் அங்கில்லை. ஆனால் அம்மாணவியே தலைவியாக நடித்தாள் எனப் பின்னர் அவரே கூறினார். முடிக்குச் சாயம் பூசாமல் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.