அடியிலும் வேஷம் வேண்டும்

2007 பொங்கலுக்கு வந்த ‘போக்கிரி’யில், காசுக்கு ஆளை அடிக்கும் தமிழ் என்ற ரவுடி உண்மையில் சத்தியமூர்த்தி ஐ.பி.எஸ். என்பது கடைசியில்தான் தெரிகிறது. அதுவரை அவன் போட்ட சண்டைகளைப் பார்த்து, ‘இது பயிற்சி எடுத்த கை’ என்று வில்லன் அலி பாயின் கும்பலில் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை, நமக்கும் வரவில்லை. நம் படங்களில் மெக்கானிக்கும் கல்லூரி மாணவனும்கூடப் பத்துப் பேரைப் பறக்கவிடுவார்கள் என்பதால், அந்த வழக்கமே அவனுக்கு மாறுவேடமாகிவிட்டது. இயக்குநர் பிரபுதேவாவின் கெட்டிக்காரத்தனம் இது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எந்த அடியிலும் அவன் மாட்டிக்கொள்வானோ என்ற பதற்றமே எழுவதில்லை. ரகசிய போலீஸ் கதையில் சண்டையும் வேஷத்தில் சேர்ந்ததுதான். வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போடும் ஃபைட், எத்தனை வேகமாக இருந்தாலும் கதைக்கு வெளியேதான் நிற்கும்.

ஜாக்கி சான் 1992இல் நடித்த ‘போலீஸ் ஸ்டோரி 3’ இதைச் சரியாகப் பிடித்தது. குற்றவாளியாக நடித்துக் கும்பலுக்குள் நுழையும் ஹாங்காங் போலீஸ்காரர், தன் சொந்த ஊர் என்று அளந்துவிட்ட ஃபோஷானுக்கே போய்ச் சேருகிறார். அங்கே அவருக்கே தெரியாத ஒரு ‘குடும்பம்’ காத்திருக்கிறது. மிஷல் யோ அவருக்குத் ‘தங்கை’. பிறகு கோலாலம்பூரில் காதலியே விவரம் தெரியாமல் அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். சிரிப்பும் ஆபத்தும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. ‘விக்ரம்’ (2022) படத்தின் ரகசிய ஏஜென்ட் டீனாவும் அப்படித்தான். வீட்டு வேலைக்காரியாகவே பார்த்துப் பழகியவர் முதல் அடி கொடுக்கும்போதுதான் யாரென்று புரிகிறது. ‘போக்கிரி’யில் காக்கிச் சட்டை சொன்ன ரகசியத்தை, இங்கே கையே சொல்லிவிடுகிறது.

மசாலாப் படத்தில் போய் இதையெல்லாம் தேடலாமா என்று கேட்பார்கள். அதே ‘போக்கிரி’யில் வடிவேலுவின் பாடி சோடாவைப் பாருங்கள். குங்ஃபூ மாஸ்டரின் தோரணை முழுதும் இருக்கிறது. அடிக்கும் தெம்புதான் இல்லை. உடல் ஒன்று சொல்ல, வேஷம் வேறொன்று சொல்வதால்தான் சிரிக்கிறோம். நகைச்சுவைக்குக் கிடைத்த அந்தக் கவனத்தைச் சண்டைக்கும் கேட்பதில் என்ன தவறு? அடக்கி வாசிக்கும் நாயகனுக்கு விசில் பறக்காது என்பது அடுத்த வாதம். 1995இல் ‘பாட்ஷா’ அதற்குப் பதில் சொல்லிவிட்டது. கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும்போது நாயகன் மாணிக்கம் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொண்டதால்தான், பின்னால் விழுந்த அடிக்குத் தியேட்டர் அதிர்ந்தது.

இந்த வகைப் படத்துக்கு உண்மையான பரீட்சை சென்னையில் இல்லை, போடிநாயக்கனூரில் இருக்கிறது. பெருநகரத்தில் புது முகத்தை யாரும் கேட்பதில்லை. போடியில் விடிவதற்கு முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்தத் தெரு, யார் வீடு என்பது தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒரு போலீஸ்காரரைக் கூலியாளாகச் சேர்த்துப் பாருங்கள். ஏலக்காய் என்பது செடியின் அடியில், தரையை ஒட்டிய சரத்தில் காய்ப்பது. சரிவில் குனிந்து உட்கார்ந்து, பிஞ்சை விட்டு விளைந்ததை மட்டும் பறிக்க வேண்டும். மைதானத்தில் விறைப்பாக நின்று பழகிய உடல் அரை மணியில் காட்டிக்கொடுத்துவிடும். நகைச்சுவைக்கு அதைவிட என்ன வேண்டும்? சண்டை வந்தாலும் அதே சிக்கல்தான். சிலம்பம் தெரிந்த வாத்தியார் ஒருவர் பக்கத்தில் இருந்தால், காலடி வைக்கும் விதத்திலேயே ‘இவன் எங்கேயோ கற்றவன்’ என்று கண்டுபிடித்துவிடுவார்.

மலையில் கேமராவை வைப்பது சிரமம், சரிவில் ஃபைட் ஆபத்து என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் கயிறு கட்டிப் பறக்கவிடும் சண்டையை இங்கே யாரும் கேட்கவில்லை. அதே போடி மலையில், குரங்கணிப் பக்கம் படமான ‘மைனா’வில் (2010) மலையில் திணறும் சிறைக் காவலராக வந்த தம்பி ராமையாவுக்குத் தேசிய விருது கிடைத்தது; அங்கே உடலின் களைப்பே நடிப்பாயிற்று. ஸ்டண்ட் மாஸ்டர்கள் அடுத்த ரகசிய போலீஸ் படத்துக்கு ஃபைட் அமைக்கும்போது, நாயகன் எத்தனை பேரை வீழ்த்துகிறான் என்பதற்கு முன்னால், எந்த அடியை அவன் தெரிந்தே தவறவிடுகிறான் என்பதை முடிவுசெய்ய வேண்டும்.