காதுகளும் காவலும்: இரு புதினங்களில் மனநோயாளரின் குடும்பம்

மனநோயைப் பொருளாகக் கொண்ட புதினங்களை ஆராய்வோர் நோயுற்ற பாத்திரத்தின் மனவுலகையே முதன்மைக் களமாகக் கொள்வது இயல்பு. அப்பாத்திரத்தோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் அடையும் தேய்வு வெளிப்படுவதும் மறைவதும், கதையை எவர் எடுத்துரைக்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்', ஜெர்ரி பின்டோவின் ஆங்கிலப் புதினமான 'எம் அண்ட் த பிக் ஹூம்' (2012) ஆகிய இரண்டையும் ஒருங்கே நோக்கின் இது புலனாகும். முன்னது 1993இல் தமிழுக்கும், பின்னது 2016இல் ஆங்கிலத்துக்கும் உரிய சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றவை. இரண்டிலும் ஆசிரியரின் சொந்த வாழ்வு ஊடாடுகிறது.

'காதுகள்' மகாலிங்கத்தின் செவிக்குள் நிகழும் கதை. ஓயாது ஒலிக்கும் குரல்களுக்கிடையே, வறுமையுற்ற இல்லத்தில் மனைவியும் மக்களும் படும் பாடு விட்டுவிட்டே கேட்கிறது. இதனைக் குறையெனல் பொருந்தாது. குரல்கள் வீட்டை மறைத்துவிடுகின்றன என்பதைப் புதினத்தின் வடிவமே உணர்த்துகிறது. ஆயின், மனைவியின் பொறுமையைக் கற்பென்றும் பாசமென்றும் போற்றி அமைந்துவிடும் வாசிப்பு அவள் இழந்தவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை.

பின்டோவின் புதினத்தில் கதைசொல்லி மகன். மும்பை மாகிமில் சிறியதோர் அடுக்ககம்; கோவா கத்தோலிக்கக் குடும்பம். தாய் இமெல்டாவின் களியாட்டமும் கடுந்துயரும் தற்கொலை முயற்சிகளும், ஒளிய இடமில்லாத அவ்வீட்டில், மூவரின் அன்றாடமாகின்றன. ஜே. ஜே. மருத்துவமனையின் 33ஆம் பிரிவு அவர்களுக்குப் பழகிய இடம். பிள்ளைகள் காவலராகின்றனர்; தாயின் நோய் தனக்கும் வாய்க்குமோ என மகன் அஞ்சுகிறான். அவள்மீது சினம் எழுகிறது. சினந்ததற்காக நாணமும் எழுகிறது. இவ்விரண்டையும் மறைக்காததே புதினத்தின் ஆகப்பெரிய வலிமை. மேலும், இமெல்டா வெறும் சுமையாகச் சுருங்கவில்லை. அவளது கூரிய நகைச்சுவையும் அடங்காத பேச்சும் வாசகரைச் சிரிக்கவைக்கின்றன. அடுத்த கணமே, அச்சிரிப்புக்கு அக்குடும்பம் தந்த விலை நினைவுக்கு வருகிறது. நோய்க்கு முந்தைய தாயை மகன் அவளுடைய கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் தேடும் பகுதிகள் இழப்பின் அளவைக் காட்டுகின்றன. உயிரோடிருப்பவரைக் குறித்த இத்தகைய துக்கத்துக்குச் சடங்கு எதுவும் இல்லை.

தந்தையின் உறுதியும் விரிவாகவே தீட்டப்பெற்றுள்ளது. மகள் சூசனும் அதே காவலை ஏற்கிறாள். எனினும் அவள் தரப்பு தம்பியின் வாய்மொழியாகவே வாசகரை எட்டுகிறது. 'காதுகள்' புதினத்தில் மனைவி நிற்கும் விளிம்புக்கும் சூசன் நிற்கும் இடத்துக்கும் தொலைவு அதிகமில்லை.