பட்டினத்தாரின் தகனப் பாடல்களை ரசிப்பது எப்படி?

திருவொற்றியூர்க் கடற்கரையோரம் சமாதி கொண்ட பட்டினத்தாரின் பாடல்களில், தாயாருக்குக் கொள்ளி வைத்தபோது பாடியவை என்று பத்து வழங்குகின்றன. பதினோராம் திருமுறையில் ‘திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது’ பாடியவர் பெயரும் பட்டினத்தாரே. மொழிநடையை வைத்து, தகனப் பாடல்களின் ஆசிரியர் பிற்காலத்தவர் என்பார்கள். காய்ந்த விறகை விலக்கிவிட்டு, பச்சை வாழைமட்டையை அடுக்கிப் பாடியே தீ மூட்டினார் என்பது கதை. ஆகவே இவற்றை வெறும் ஒப்பாரியாகக் கேட்கக் கூடாது. காரியம் நடத்தும் சொற்கள் இவை.

வரிசை கலைக்காமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும். சடங்கு நகர நகரப் பாட்டும் நகர்கிறது: சுமந்து பெற்ற நினைவு, வாய்க்கரிசி, கொள்ளி, சாம்பல், கடைசியில் பால் தெளிப்பு. வாய்க்கரிசிப் பாட்டில் சற்று நிற்கலாம். தேனே, மானே என்று மகனைக் கொஞ்சிய வாய். அதே வாய்க்கு அவன் அரிசி இட வேண்டும். உவமை, அலங்காரம் எதுவும் இந்த அடியை இவ்வளவு வலிக்க வைத்திருக்காது.

ஏழாவது பாட்டில்தான் புராணம் நுழைகிறது. வெண்பா ஓசை சட்டென்று அறுந்து, நான்கே குறுகிய அடிகள், நான்கு தீ. சிவன் எரித்த முப்புரம், அனுமன் வைத்த இலங்கைத் தீ, தாய் மூட்டிய அடிவயிற்றுத் தீ, இப்போது மகன் இடும் தீ. உலகையே உலுக்கிய இரண்டு நெருப்புகளின் வரிசையில் ஒரு கிழவியின் சிதையும் சேர்ந்துவிடுகிறது. தெய்வக் கதை இங்கே நாலு சொல்லுக்கு மேல் நீள்வதில்லை, நீட்டியிருந்தால் கெட்டிருக்கும்.

இறந்தவரை வழியனுப்பும் சொற்களில் பண்டைய எகிப்தியர் வழி வேறு. கி.மு. 24ஆம் நூற்றாண்டில் சக்காராவில் ஊனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் செதுக்கிய மந்திரங்கள் இறந்தவனை ஒசிரிஸ் தெய்வமாகவே அழைக்கின்றன. பிந்தைய ‘இறந்தோர் நூலில்’ அனுபிஸ் தெய்வம் இறந்தவனின் இதயத்தைத் தராசில் நிறுக்க, தோத் தெய்வம் கணக்கெழுதுகிறது. பட்டினத்தாரிடம் தராசும் இல்லை, விசாரணையும் இல்லை. ஒன்பதாம் பாட்டில் அருணாசலச் சிவனிடம் மகன் கேட்பதெல்லாம், அவள் உன் திருவடிக்கு வந்தாளா, என்னை மறந்துவிட்டாளா என்பதுதான். பதில் வருவதில்லை. பத்தாம் பாட்டில் குரல் ஊர்ப்பக்கம் திரும்புகிறது: நேற்று இருந்தவள் இன்று நீறு, எல்லோரும் பால் தெளிக்க வாருங்கள், அழ வேண்டாம், எல்லாமே சிவமயம்.