தாயுமானவர் பாடல்களில் அமைதிச் சொற்கள்: ‘சும்மா இருத்தல்’ உணர்வின்மையா?

ஆய்வுச் சுருக்கம்

தாயுமானவரின் ‘சும்மா இருத்தல்’, ‘மோனம்’ ஆகிய சொற்கள் செயலின்மையையும் உணர்ச்சியற்ற நிலையையும் போற்றுவன என்னும் கருத்து உண்டு. அச்சொற்கள் பாடல்களில் எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்பதை ஆராயின், அவை விருப்பத்தை அழிப்பன அல்ல, அதன் திசையை மாற்றுவன என்பது புலனாகும். இக்கட்டுரை அதனை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தாயுமானவர், சும்மா, மோனம், வைராக்கியம், ஈரம், இராமநாதபுரம்.

முன்னுரை

திருமறைக்காட்டு மரபில் தோன்றித் திருச்சிராப்பள்ளி நாயக்கர் அரசில் பணிபுரிந்து, மௌனகுருவின் மாணாக்கராகித் துறவு பூண்ட தாயுமானவர், சேதுபதிகளின் சீமையான இராமநாதபுரத்தில் வாழ்வை நிறைவு செய்தார். அவர்தம் சமாதி இன்றும் அந்நகரின் இலட்சுமிபுரத்தில் உள்ளது. அமைதியைக் குறிக்கும் சொற்களை இவரளவு மிகுதியாக ஆண்ட தமிழ்ப்புலவர் சிலரே. சும்மா, மோனம், சாந்தம், நிட்டை, நிற்றல் என அவை பலவாகும். இவற்றைப் படிப்போர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஆசையை அறுத்தவர் அன்பையும் உடன் அறுத்துவிடுகிறாரா?

பற்றின்மைச் சொற்களின் பொருள்மாற்றம்

இவ்வையத்திற்கு மொழிவரலாறே ஒரு காரணம். பற்றின்மையைச் சுட்டும் சொற்கள் வழக்கில் நெடுங்காலம் தம் பொருளைக் காத்துக்கொள்வதில்லை. ‘வைராக்கியம்’ என்பது ராகம், அதாவது நிறமும் விருப்பமும், நீங்கிய நிலை. இன்றைய பேச்சு வழக்கிலோ அது விடாப்பிடியான உறுதியைக் குறிக்கிறது. விருப்பமின்மையைச் சுட்டிய சொல் தணியாத விருப்பத்தின் பெயராயிற்று. ‘உதாசீனம்’ விலகி அமர்ந்திருக்கும் நடுநிலையைக் குறித்துப் பின்னர்ப் புறக்கணிப்பாகத் தாழ்ந்தது. கிரேக்கத் தத்துவத்தில் ஸ்தோயிக் நெறியினர் உயர்ந்த இலக்காகக் கொண்ட ‘அபதேயா’ ஐரோப்பிய மொழிகளில் அக்கறையின்மை என்னும் குறையாக மாறியது. அமைதிக்கும் அலட்சியத்துக்கும் இடையிலான எல்லை மெல்லியது என்பதை இம்மாற்றங்கள் காட்டுகின்றன.

‘சும்மா’ என்னும் சொல் எதிர்த்திசையில் சென்றது. வழக்கில் அது பயனின்மை, விலையின்மை, காரணமின்மை, விளையாட்டு ஆகியவற்றைக் குறிக்கும் எளிய சொல். அருணகிரிநாதரின் கந்தரனுபூதியில் அது குருவின் கட்டளையாக உயர்ந்தது. தாயுமானவர் அதனைத் தம் நூலின் மையச் சொல்லாக்கினார். வடமொழிக் கலைச்சொற்களை நிரம்பக் கையாண்ட இவர், உச்சநிலையைச் சொல்லத் தெருவில் வழங்கும் சொல்லைத் தேர்ந்தது கருதத்தக்கது. ஏற்கெனவே தாழ்ந்த பொருளுடைய சொல் மேலும் தாழ இடமில்லை.

‘சும்மா’ வரும் இடம்

‘தேசோமயானந்தம்’ பகுதியில் மதயானையை வசமாக்குதல், புலியின் வாயைக் கட்டுதல், நீர்மேல் நடத்தல், தீயில் இருத்தல் முதலிய அரிய செயல்களை அடுக்கி, மனத்தை அடக்கிச் சும்மா இருத்தலே அவை யாவற்றினும் அரிது என்கிறார். இங்குச் ‘சும்மா’ ஆற்றல்களின் வரிசையில் இறுதியாக நிற்கிறது. அதனைத் ‘திறம்’ என்றே சொல்கிறார். சோம்பலைத் திறம் என்று எவரும் கூறார்.

‘பரிபூரணானந்தம்’ பகுதியில் ஆசையின் எல்லையின்மை பேசப்படுகிறது. நிலமெல்லாம் ஆள்பவரும் கடல்மீது ஆணை செலுத்த விழைவர். பெருஞ்செல்வம் உடையவரும் பொன்னாக்கும் வித்தைக்கு அலைவர். சான்றுக்கு ஏழை எளியோர் எடுக்கப்படவில்லை. ஆள்வோரும் செல்வருமே எடுக்கப்பட்டனர். அரசுப்பணியை உள்ளிருந்து அறிந்தவர் செய்த இக்கண்டனத்தில் அமைதி, அதிகாரத்தின் மீதான விமர்சனமாகவும் நிற்கிறது.

எஞ்சி நிற்கும் ‘இச்சை’

389 கண்ணிகளைக் கொண்ட பராபரக்கண்ணி இவ்வாய்வுக்கு முதன்மைச் சான்று. கொல்லா விரதம் உலகெங்கும் ஓங்க வேண்டும் என்று எல்லார்க்கும் சொல்வதே தம் ‘இச்சை’ என ஒரு கண்ணி கூறுகிறது. ஆசையைப் பழித்தவர் அதே பொருளுடைய சொல்லைத் தமக்கு உரியதாக்கிக்கொள்கிறார். எவ்வுயிரையும் தம்முயிர்போல் எண்ணி ‘இரங்க’ அருள் வேண்டுகிறார். அன்பர் பணிக்கு ஆளாயின் இன்பநிலை தானே வந்தெய்தும் என்கிறார். பின்னதில் காரணகாரிய முறை தெளிவானது. பணி முன்னே வருகிறது. இன்ப அமைதி அதன் பின்னே வருகிறது.

எனினும் மறுதலைச் சான்றும் உண்டு. எந்நாட்கண்ணியின் உட்பிரிவுகளுள் ‘யாக்கையைப் பழித்தல்’, ‘மாதரைப் பழித்தல்’ என்பன இடம்பெறுகின்றன. பெண்ணை இடையூறாகவே காணும் துறவு மரபின் வறண்ட குரல் அங்கு ஒலிக்கிறது. அதனை மறைத்துப் போற்றுதல் திறனாய்வு ஆகாது. ஆயினும் அந்நூல் அங்கு முடியவில்லை. ‘அன்பு நிலை’, ‘அன்பர் நெறி’, ‘அறிஞர் உரை’ ஆகியவற்றைக் கடந்த பின்னரே ‘நிற்கும் நிலை’ வருகிறது. வெறுப்பிலிருந்து நேரே அமைதிக்குச் செல்லும் வழியை நூலின் அமைப்பே அடைத்துவிடுகிறது.

ஈரமும் வறட்சியும்

குளிர்ந்த உள்ளத்தை அன்பற்றதாகக் காணும் வழக்கு ஆங்கிலத்துக்கு உரியது. தமிழில் ‘தண்ணளி’ அருள், ‘செந்தண்மை’ திருக்குறளில் அந்தணரின் இலக்கணம், ‘ஈரம்’ அன்பு. அன்பில்லாதவனுக்கு வள்ளுவர் காட்டும் உவமை வன்னிலத்தில் வற்றிய மரம். ஆகவே தமிழில் அன்பின்மைக்குரிய உருவகம் வறட்சியே, குளிர்ச்சி அன்று. கண்மாய் நீரை நம்பி வாழும் இராமநாதபுரச் சீமையில் இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தாயுமானவரும் தம் பகுதியொன்றுக்குச் ‘சுகவாரி’, அதாவது இன்பக்கடல், எனப் பெயரிட்டார். அவர்தம் அமைதி நீரின் பக்கமே நிற்கிறது.

அந்நீரும் அசைவற்றதன்று. இராமேசுவரத் தீவினர் வடபுறத்துப் பாக் நீரிணையைப் ‘பெண்கடல்’ என்றும், தென்புறத்து மன்னார் வளைகுடாவை ‘ஆண்கடல்’ என்றும் வழங்குவர். முன்னது அமைதியானது, பின்னது சீறுவது என்பது கருத்து. வடகிழக்குப் பருவத்திலோ அமைதிக்குப் பெயர்பெற்ற கடலே கொந்தளிக்கும். அமைதி நிலைத்த இயல்பு என்பதினும், காற்றுக்கு ஏற்ப மாறும் நிலை என்பதே பொருந்தும். சும்மா இருத்தலை எய்திவிட்ட ஒன்றாக உரைக்காது, ‘எந்நாளோ’ என ஏங்கும் தாயுமானவரின் குரலும் இதனையே உணர்த்துகிறது.

முடிவுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டனுள் சாந்தம் இல்லை. வடமொழிச் சுவைக் கோட்பாட்டிலும் அது ஒன்பதாவதாகப் பின்னரே ஏற்கப்பெற்றது. அமைதியை உணர்ச்சியாகக் கொள்ளலாமா என்பது பழைய வினா. தாயுமானவர் பாடல்கள் அதற்குத் தரும் விடை, அமைதி பிற உணர்ச்சிகள் ஓய்ந்த வெற்றிடமன்று. தன்பொருட்டான விருப்பம் ஓய்ந்து, பிறர்பொருட்டான இரக்கம் எஞ்சிய நிலை என்பதாகும். எனவே ‘சும்மா’ என்னும் சொல்லைத் தனித்தெடுத்துச் செயலின்மைக் கோட்பாடாக விளக்குதல் பொருந்தாது. ‘இச்சை’, ‘இரங்க’, ‘பணி’ என்னும் சொற்களோடு சேர்த்துப் படிக்கும்போதே அது முழுப்பொருள் தருகிறது.