பொய்ச் சாட்சி

நம் நாவல்களில் வருகிற மனிதர்களுக்கு உத்தியோகம் உண்டு, வேலை கிடையாது. கதாநாயகன் என்ஜினீயர் என்றோ, மில் தொழிலாளி என்றோ முதல் அத்தியாயத்தில் அறிவித்துவிடுகிறோம். பிறகு அவன் காதலிக்கிறான், கலங்குகிறான், கடிதம் எழுதுகிறான். கை மட்டும் வேலையில் படுவதே இல்லை. 1953-ல் வந்த ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' போல விலக்குகள் சில உண்டு, விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு விமானி எழுதிய புத்தகத்தைப் படித்தபோது இந்தக் குறை இன்னும் உறைத்தது. கெவின் சல்லிவன் 2019-ல் வெளியிட்ட 'நோ மேன்ஸ் லேண்ட்' என்ற அந்த நூல், தம் கையில் நடந்த ஒரு விபரீதத்தைச் சொல்லுகிறது. ஆசிரியர் இலக்கியகர்த்தா அல்ல. அமெரிக்கக் கடற்படையில் போர் விமானம் ஓட்டிப் பின்பு ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனியில் காப்டனாக இருந்தவர்.

2008 அக்டோபர் 7-ஆம் தேதி. சிங்கப்பூரிலிருந்து பெர்த் நகருக்கு ஏர்பஸ் 330 ஒன்று போய்க்கொண்டிருந்தது. பிரயாணிகள் 303 பேர், சிப்பந்திகள் 12 பேர். உயரம் 37,000 அடி. பகல் 12.40-க்கு ஆட்டோபைலட் தானாகவே விலகிக்கொண்டது. எச்சரிக்கைகள் வரிசையாக எழுந்தன: வேகம் மிஞ்சிவிட்டது என்று ஒன்று, வேகம் போதாமல் விழப்போகிறாய் என்று மற்றொன்று. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது. இரண்டாவது ஆட்டோபைலட்டை இணைத்துப் பார்த்துவிட்டு, அதையும் விலக்கிவிட்டுக் கையால் ஓட்டினார் காப்டன். இரண்டு நிமிஷம் சென்றது. விமானம் திடீரென்று மூக்கைக் கவிழ்த்து 650 அடி இறங்கியது. அவர் பிடியைப் பின்னால் இழுத்தும் உடனே பலிக்கவில்லை. வார் கட்டாதவர்கள் கூரையில் மோதினார்கள். 12.45-க்கு மறுபடியும் ஒரு தலைகுப்புறல். இந்தத் தடவை 400 அடி. கடைசியில் லியர்மந்த் என்ற இடத்தில் இறக்கினார்கள். குறைந்தது 119 பேருக்குக் காயம். 12 பேருக்குப் பலத்த காயம். ஒருவரும் சாகவில்லை.

கருமத்தம்பட்டியில் இருந்துகொண்டு விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். தலைக்கு மேல் சூலூர்த் தளத்து விமானங்கள் பறக்கின்றன என்பது காரணமல்ல. கீழே விசைத்தறி ஓடுகிறது என்பதே காரணம். ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அதைக் கண்டு சொல்ல ஓர் உறுப்பு இருக்கிறது. அது கெட்டுப்போய், நூல் இருக்கும்போதே இல்லையென்று சொன்னாலும் தறிதான் நிற்கும். ஓட்டுகிறவர் வந்து பார்த்து, மறுபடி ஓட்டிவிடுவார். நஷ்டம் சில நிமிஷம். ஆகாயத்தில் நிறுத்திப் பார்க்க வழியில்லை. பொய்த் தகவல் வந்தாலும் யந்திரம் ஏதாவது செய்தே தீர வேண்டும்.

அன்று நடந்தது இதுதான். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் முதலிய தகவல்களைக் கணினிகளுக்குத் தர மூன்று பெட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்று பொய் சொல்லத் தொடங்கியது. இத்தகைய பொய்யை வடிகட்டக் கணினியில் ஏற்பாடு உண்டு. ஆனால் 1.2 விநாடி இடைவெளியில் பொய் இரண்டாம் முறை வந்தபோது வடிகட்டி ஏமாந்தது. மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டது என்று நம்பிய யந்திரம் அதைக் கீழே தள்ளியது. 2011 டிசம்பரில் வெளிவந்த ஆஸ்திரேலிய அரசாங்க விசாரணை அறிக்கை இதை விளக்கிற்று. பெட்டி ஏன் கெட்டது என்பதை மட்டும் அதனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சல்லிவனின் புத்தகத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. போர் விமானியின் கண்ணால் பார்த்து யந்திரத்தை எதிரியாக்கிவிடுகிறார். எதிரிக்குப் பகை வேண்டும். யந்திரத்துக்குப் பகை ஏது? சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடியவன் அல்ல. பொற்கொல்லன் சொன்னதை விசாரியாமல் நம்பினான். கோவலன் தலை போயிற்று. விமானக் கணினி செய்த குற்றமும் அவ்வளவே. கொடுமையைக் காட்டிலும் இந்த வெள்ளைத்தனம் பயங்கரமானது. இளங்கோவுக்குத் தெரிந்த இது நூலாசிரியருக்குப் பிடிபடவில்லை.

ஆனால் புத்தகத்தின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. மூன்றாம் தடவை கவிழுமா என்று தெரியாமல், நம்பவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல் ஒரு மனிதன் ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருப்பதை அது சொல்லுகிறது. தரை தொட்ட பிறகும் அந்த ஐம்பது நிமிஷம் அவரை விடவில்லை. மனம் நொந்து, கடைசியில் தொழிலையே விட்டார். சந்தேகப்படுவதே அங்கே அவருடைய வேலை. வேலையை இப்படி உள்ளிருந்து எழுதினால், அடைமொழி ஒன்றுமில்லாமலே பாத்திரம் உருவாகிவிடுகிறது.

இதைப் படிக்கும்போது பெங்களூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990 பிப்ரவரி 14-ஆம் தேதி, பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் 320, ஓடுபாதைக்கு முன்பே கோல்ப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். விமானிகள் இருவரும் அதில் அடக்கம். அங்கே யந்திரம் கெடவில்லை. என்ஜின் விசையைக் குறைத்தே வைத்திருக்கும் ஒரு நிலையில் அது இருந்தது. அந்த நிலைக்கு ஏற்றபடியே நடந்துகொண்டது. ஆபத்தை உணர்ந்து உடனே விசையைக் கூட்ட விமானிகள் தவறினார்கள் என்பது விசாரணை மன்றத்தின் முடிவு. அந்த நிலைக்கு விமானம் எப்படி வந்தது என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முடிவு பிழை என்று வாதாட நான் வரவில்லை. 'தவறினார்கள்' என்ற வினைமுற்றோடு வாக்கியம் முடிகிறது, மனிதர்கள் முடியவில்லை. அந்தக் கடைசி விநாடிகளில் புதுமாதிரி யந்திரம் ஒன்றின் முன் அவர்கள் எதை நம்பினார்கள், நம்பியது ஏன் நியாயமாகத் தோன்றியது? அறிக்கைக்கு இந்தக் கேள்வி தேவையில்லை, நாவலுக்குத் தேவை. பிழைத்தவர் தம் கதையைத் தாமே எழுதிக்கொண்டார். இறந்தவர்களுக்காக ஒலிநாடாதான் பேசுகிறது, அதுவும் துண்டு துண்டாக.

அவர்களைக் குற்றமற்றவர்களாக்க வேண்டாம், தியாகிகளாக்கவும் வேண்டாம். வேலை செய்துகொண்டிருந்த மனிதர்களாக எழுதினால் போதும். அதற்கு விமானம்தான் வேண்டுமென்பதில்லை. தறிக்கூடத்தில் இரவு ஷிப்டில் நிற்பவனிடமிருந்தும் தொடங்கலாம்.