நேரத்தைக் கேட்காத பேட்ச்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் போர் மோட்டாருக்கு ஒரு சின்ன லினக்ஸ் போர்டு மாட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஃபேஸின் கரண்ட், வோல்டேஜ் இரண்டையும் அளந்து பவர் ஃபேக்டர் கணக்குப் போடும். மூணு மாசமா அது 0.76 என்று காட்டிக்கொண்டே இருந்தது. "கெபாசிட்டர் போயிடுச்சு பெரியப்பா, மாத்திடலாம்"னு சொல்லிவிட்டேன். அவரும் மணிலா விற்ற காசில் புதுசு வாங்கி மாட்டினார். மறுநாளும் அதே 0.76. "அப்ப காயில்தான் கட்டணும்போல" என்று விழுப்புரத்துக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போக வண்டி பேச ஆரம்பித்துவிட்டார்.

தப்பு மோட்டாரில் இல்லை, என் கணக்கில். அதைக் கண்டுபிடித்தது வேறு ஏதோ போர்டுக்கு எழுதப்பட்ட ஒரு கெர்னல் பேட்ச்சை, விழுப்புரம் போகிற பாசஞ்சர் ரயிலில் வரி வரியாகப் படித்தபோது. இந்தக் குறிப்பு அந்தப் பேட்ச்சைப் பற்றி.

2020இல் வந்தது. ராக்சிப் சில்லுகளில் இருக்கும் ஏடிசி டிரைவருக்கு பஃபர் வசதி சேர்ப்பது அதன் வேலை. சைமன் ஷூ எழுதி, ஹெய்கோ ஸ்டூப்னர் திருத்தி அனுப்பியது. ஏடிசி என்பது வோல்டேஜை எண்ணாக மாற்றும் சமாச்சாரம். பஃபர் இல்லையென்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஃபைலைத் திறந்து வாசிக்க வேண்டும். நொடிக்கு ஆயிரம் வாசிப்பு என்றால் அது கதைக்கு ஆகாது. பஃபர் இருந்தால் டிரிகர் ஒன்று தட்டத் தட்ட, டிரைவரே எல்லா சேனலையும் வாசித்து, நேரமுத்திரையோடு ஒரு கட்டாகக் கட்டி வரிசையில் போட்டுவிடும். நாம் மொத்தமாக அள்ளிக்கொள்ளலாம். லினக்ஸில் இதற்கென்றே ஐஐஓ என்ற தனிப் பிரிவு இருக்கிறது. பராமரிப்பவர் ஜோனதன் கேமரூன்.

பேட்ச்சின் உயிர் ஒரே ஒரு ஃபங்ஷன்தான். பூட்டைப் போடுகிறது, இயங்கும் சேனல்களை ஒவ்வொன்றாக மாற்றி வாசிக்கிறது, எண்களை அடுக்குகிறது, பஃபருக்குத் தள்ளுகிறது, பூட்டைத் திறக்கிறது. நல்ல கை. சேனல் பதில் சொல்லாமல் 100 மில்லி நொடி தாண்டினால் ஏடிசியை அணைத்துவிட்டு வெளியே வருகிறது. எந்த வழியாக வெளியேறினாலும் டிரிகருக்கு "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறது. இதை மறந்தால் அந்த டிரிகர் அப்புறம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. புதிதாக எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம். இங்கே விழவில்லை.

எண்களை அடுக்கும் இடம் ஒரு ஸ்ட்ரக்ட். ஆறு சேனலுக்கு ஆளுக்கு இரண்டு பைட், பிறகு எட்டு பைட்டில் நேரம். மேலே ஒரு கமென்ட்: நேரம் தானாகவே 8 பைட் எல்லையில் உட்காரும் என்று. இந்தக் கமென்ட்டில் அந்தக் காலத்தின் பயம் தெரிகிறது. பஃபருக்குத் தள்ளும் ஃபங்ஷன் 8 பைட் ஒழுங்கை எதிர்பார்க்கிறது, ஆனால் பல டிரைவர்கள் அதைக் கொடுப்பதில்லை என்று லார்ஸ்-பீட்டர் கிளாசன் ஒரு ரிவ்யூவில் சுட்டிக்காட்ட, கேமரூன் அதே 2020இல் டிரைவர் டிரைவராகத் திருத்திக்கொண்டிருந்தார். எல்லோர் கண்ணும் ஒழுங்கின் மேல்.

அந்த ஸ்ட்ரக்ட் ஸ்டாக்கில் இருக்கிறது. சுழியாக்கப்படவில்லை.

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு சேனலும் நேரமும் மட்டும் ஆன் செய்தால் வெளியே போகும் கட்டு 16 பைட். முதல் 2 பைட் எண், கடைசி 8 பைட் நேரம். நடுவில் இருக்கும் 6 பைட்டில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. முன்னால் அந்த ஸ்டாக்கில் என்ன கிடந்ததோ அது அப்படியே யூசருக்குப் போகும். மூன்று சேனல் என்றால் ஓட்டை 2 பைட். நான்கு என்றால் ஓட்டையே இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: நான்கு சேனல் வரைக்கும் நேரம் போய் உட்காருவது ஸ்ட்ரக்ட்டில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் இல்லை; எண்களுக்கான இடத்தின் நடுவில். அதாவது ஸ்ட்ரக்ட் காட்டும் வரைபடம் வேறு, நடப்பு வேறு. வாசிப்பவருக்கு "எல்லாம் இடத்தில் இருக்கு" என்ற நிம்மதியை அந்த அழகான ஸ்ட்ரக்ட்தான் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். கேமரூன் பல டிரைவர்களில் செய்த மாதிரி, கெர்னல் சுழியாக்கித் தரும் டிரைவரின் சொந்த நினைவகத்தில் அதை வைத்திருந்தால், கசிந்தாலும் பழைய அளவுகள்தான் கசிந்திருக்கும்.

2024 நவம்பர் கடைசியில் ஹாவியர் கராஸ்கோ ஒரே தொடராக இப்படிப் பல டிரைவர்களைத் திருத்தினார். நமக்கு இங்கே ஃபெஞ்சல் புயல் வந்த சமயம் அது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது, கரண்டே இல்லை, எங்கே பேட்ச் படிப்பது! ராக்சிப் டிரைவருக்கு அவர் சேர்த்தது மொத்தம் ஒரு வரி: ஸ்ட்ரக்ட்டை முழுக்கச் சுழியாக்கு. இதற்கு சிவிஇ-2024-57907 என்று பாதுகாப்பு எண்ணும் வந்தது. அதே தொடரில் எனக்கு உறைத்தது ஐஐஓவின் டம்மி டிரைவர். புதிதாக டிரைவர் எழுதுகிறவர்கள் பார்த்து எழுதட்டும் என்று வைத்திருக்கும் மாதிரி அது. அதிலும் இதே ஓட்டை! வாத்தியார் போர்டில் எழுதிய கணக்கே தப்பாக இருந்தால் பையன்களைச் சொல்லி என்ன.

திருத்தத்தின் விளக்கக் குறிப்பில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். இயங்காத சேனல்களுக்கு மதிப்பு எழுதப்படவில்லை என்று அது சொல்கிறது. ஆனால் இந்த டிரைவர் இயங்கும் சேனல்களை நெருக்கித்தான் அடுக்குகிறது. வெளியே போவது நடுவில் இருக்கும் இட்டுநிரப்பும் பைட்டுகள். மருந்து சரி, நோயின் பெயர் சரியில்லை. ஆபத்தையும் பெரிதாக்க வேண்டாம். அந்த டிவைஸ் ஃபைலைப் பொதுவாக ரூட் மட்டுமே திறக்க முடியும்.

சரி, என் 0.76க்கு வருகிறேன்.

நினைவகம் சுத்தமா என்று நான்கு வருஷம் கழித்தாவது ஒருவர் கேட்டார். நேரம் உண்மையா என்ற கேள்விக்கு எந்த எண்ணும் வரவில்லை. 2020 பேட்ச்சைத் திரும்பப் பாருங்கள்: எல்லா சேனலையும் வாசித்து முடித்து, தள்ளுகிற வரியில்தான் மணி பார்க்கிறது. டிரிகர் தட்டிய நேரம் இல்லை, முதல் சேனலின் நேரமும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகான நேரம். எத்தனை சேனல் ஆன் செய்கிறோமோ அதற்கேற்ப அது தள்ளிப்போகும். டிரிகர் தட்டிய கணத்திலேயே நேரத்தைக் குறித்துக்கொள்ள ஐஐஓவில் ரெடிமேடாக ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அந்த இடத்தில் பேட்ச் ஒன்றும் கொடுக்கவில்லை, காலி. எதிர்வாதமும் உண்டு: சில வகை டிரிகர்கள் த்ரெட்டுக்குள்ளிருந்தே தட்டும்போது அந்த ஃபங்ஷன் ஓடாது, நேரம் பழசாக நின்றுவிடும். ஆகவே கடைசியில் பார்ப்பது பாதுகாப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படித்தான் முடிவு செய்தேன் என்று ஒரு வரி கமென்ட் வேண்டாமா? 8 பைட்டுக்கு எழுதத் தெரிந்ததே!

இதைப் படித்தபோது ரயில் பேரணி தாண்டியிருந்தது. திடீரென்று என் ஸ்கிரிப்ட் ஞாபகம் வந்தது. என்னுடையது வேறு போர்டு, வேறு டிரைவர்; ஆனால் ஒரே ஏடிசி, சேனலை மாற்றி மாற்றித்தான் வாசிக்கும். கட்டில் ஒரே நேரமுத்திரை இருந்ததால் இரண்டு எண்ணும் ஒரே கணத்தில் எடுத்தது என்று நானாகவே எழுதிவிட்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லி நொடி, அதாவது 360 டிகிரி. 200 மைக்ரோ நொடி இடைவெளி விழுந்தால் 3.6 டிகிரி. பவர் ஃபேக்டர் 0.80 என்றால் கோணம் சுமார் 36.9. கரண்ட்டை முதலிலும் வோல்டேஜைப் பிறகும் வாசித்தால் பின்தங்கல் கூடுதலாகத் தெரியும்: 40.5 டிகிரி, 0.76.

முண்டியம்பாக்கத்தில் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். "வண்டி வேணாம், நான் சாயங்காலம் வரேன்." "ஏன்டா, இப்ப என்ன கண்டுபுடிச்ச?" என்றார், ஏற்கனவே சலித்த குரலில்.

சாயங்காலம் இரண்டு சேனலின் வயரை இடம் மாற்றிச் சொருகினேன். மோட்டார் அதே மோட்டார், தண்ணீர் அதே தண்ணீர். திரையில் 0.84. கோணத்தைக் கணக்குப் போட்டால் 33 சொச்சம். அப்படியே மறுபக்கம் சாய்ந்திருந்தது. ஸ்கிரிப்ட்டில் வோல்டேஜ் அலையை இடைவெளி அளவுக்கு நகர்த்தும் ஒரு வரி சேர்த்தேன். 0.80.

கழற்றிய பழைய கெபாசிட்டர் மோட்டார் கொட்டகை மாடத்தில் இருக்கிறது. அதற்கு ஒன்றுமில்லை. புதுசு வாங்கிய பில்லைப் பெரியப்பா அதன் மேலேயே ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார், நான் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற மாதிரி.