பத்திரிகை அனுப்ப மறந்துவிடாதே

மன்னார்குடியில் நான் பிளஸ் டூ முடித்தபோது, என் ஆட்டோகிராப் நோட்டில் பாதிப் பேர் ஒரே வரியை எழுதினார்கள்: கல்யாணப் பத்திரிகை அனுப்ப மறந்துவிடாதே. அடுத்துக் கல்லூரி என்று ஒருத்தியும் எழுதவில்லை. பிரிவுவிழாவுக்கு அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டிப் போனால், தெருவே ‘பொண்ணுக்குக் கல்யாணக் களை வந்துடுச்சு’ என்றது.

சேரனின் ‘ஆட்டோகிராப்’ (2004) படத்தில் செந்தில் தன் கல்யாணப் பத்திரிகையோடு பழைய காதலிகளைத் தேடிப் போகிறான். ஆணுக்குப் பத்திரிகை பயணச்சீட்டு. பள்ளித்தோழி கமலா மூன்று பிள்ளைகளுக்குத் தாய். அவள் களைப்பை அவன் கண்வழியே பார்த்து நாம் உருகுகிறோம். அவளிடமும் ஒரு நோட்டு இருந்திருக்குமே? படம் கேட்பதில்லை.

பக்கத்துத் தஞ்சாவூரில் தொடங்கும் ‘96’ (2018) நாசூக்கானது. ஆனாலும் பள்ளி நினைவுகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவன் ராம்தான். அப்படியொரு பெட்டியைக் கணவன் வீட்டுக்கு எந்த ஜானு கொண்டுபோக முடியும்? ராமின் மாணவிகளிடம் அவள் நடக்காத கதையொன்றை நடந்ததாகச் சொல்கிறாள். எனக்குப் பிடித்த காட்சி அதுதான்: அங்கேதான் கதை அவள் கைக்கு வருகிறது, அதுவும் பொய்யாக.

2024இல் பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37 சதவீதம் தேர்ச்சி. திரையில் இன்னும் அவன்தான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.